மழைக்குத் தெரியாத விண்ணப்பப் படிவம்



இந்தப் பக்கத்துக்கு நீங்கள் எழுதும் கடிதங்களில் பிள்ளைகளின் படிப்பு, பிறப்புச் சான்றிதழ், காணாமற்போனோர் விசாரணை, சுயதொழில் கடன் என்பனவே வழமையாக அதிகம் இருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன பின்னர் வந்த கடிதங்களில் வேறொரு சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. ஒழுக்கு. கூரை ஒழுக்கு, சுவரில் ஈரம், வெடிப்பு, இறங்கிப்போன வளை. எழுதியவர்களில் பலர் யுத்த காலத்தில் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கிவிட்டவர்கள். திருத்துவதற்குக் காசு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருப்பார்கள் என நினைத்துத்தான் கடிதங்களைப் பிரித்தேன். காசை எப்படியோ புரட்டிவிட்டார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு, சீட்டை முன்கூட்டி எடுத்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது வேறு: திருத்துவதற்கு அனுமதி எப்போது கிடைக்கும்?

கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதாமல் நேரிலேயே வந்தார். அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான ஒரு பங்குச் சுவர். அதில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கூரையின் வளை அந்தச் சுவரில்தான் தாங்கி நிற்கின்றது. மேசன் வந்து பார்த்து, இரண்டு கிழமை வேலைதான், ஆனால் அனுமதி இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முன்பு ஒரு வீட்டில் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, கூலியும் போன அனுபவம் அவருக்கு இருந்திருக்கின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது.

நானும் அந்தச் சகோதரியோடு நகரின் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாள் உறுதியின் பிரதி போதாது, அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும் என்றார்கள். இரண்டாவது நாள் நில அளவைப் படம் பழையது என்றார்கள். மூன்றாவது நாள் பொறுப்பான அலுவலர் வெளிக்கள வேலைக்குப் போயிருந்தார். நான்காவது நாள்தான் உறுதி கணவரின் பெயரில் இருப்பதை ஒருவர் கவனித்து, "அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்க" என்றார். அந்தச் சகோதரி, "அவர் வந்திருந்தால் நான் ஏன் ஐயா இங்கே வந்து நிக்கிறன்?" என்றார். கணவர் 2009 முதல் இல்லை. எழுதுவினைஞர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு முன்னால் இருந்த படிவத்தில் அப்படி ஒரு பதிலை எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கொழும்பில் பிளேக் நோய் வந்தது 1914இல். அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1915இல், வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாமல், கானுக்கு வழியில்லாமல் வீடுகளை நெருக்கிக் கட்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். புதிய கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கின்ற கட்டடத்தின் மாற்றத்துக்கும் அங்கீகாரம் வேண்டும் என்று அது சொல்கின்றது. கூரை, வெளிச்சுவர், பங்குச்சுவர் என்பவற்றை அமைப்பது அந்த 'மாற்றம்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. அபிவிருத்திப் பிரதேசத்தில் எந்தக் கட்டட வேலைக்கும் அனுமதிப்பத்திரம் தேவை என்றாயிற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடல் நீர்மட்ட எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். மரைன் டிரைவ் அதற்குள்தான்.

பூச்சுப் பூசுவதற்கோ, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு ஓட்டை வைப்பதற்கோ யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பிரச்சினை தொடங்குவது வளை, சுவர், தாங்குதூண் என்று வரும்போது. அதாவது, வீடு விழக்கூடிய நிலையில் இருக்கும்போதுதான் அனுமதி கட்டாயமாகின்றது. ஐந்து மாடி கட்டப்போகின்றவரும் வெடித்த சுவரை எடுத்துக் கட்டப்போகின்றவரும் ஏறக்குறைய ஒரே கட்டுக் காகிதத்தோடு ஒரே வரிசையில் நிற்கின்றார்கள்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தையில், காலி வீதியில் சவோய் திரையரங்குக்கு அருகே, வேலை நடந்துகொண்டிருந்த பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததை அந்தப் பகுதியில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் கொழும்பில் அனுமதியின்றி எழுந்த கட்டடங்களைப் பற்றிப் பெரிதாகப் பேசப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு மாடி மேல் மாடி ஏற்றினால் கீழே படுத்திருப்பது நாங்களும் எங்கள் பிள்ளைகளுந்தான். எனவே பார்த்துக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்து வருவதற்கு எடுக்கும் காலம் எல்லோருக்கும் ஒரே காலம் அல்ல என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கின்றது.

வசதியுள்ளவருக்கு மூன்று மாதத் தாமதம் என்பது படவரைஞருக்கு இன்னொரு தொலைபேசி அழைப்பு. அவர் இன்னொரு வீட்டில் இருந்துகொள்வார். பொறுமை இல்லையென்றால் கட்டிவிட்டு, பின்னர் கட்டணமும் தண்டமும் செலுத்தி அனுமதியை ஒழுங்குபடுத்திக்கொள்ள முயலலாம். அதற்கு விதிகளிலேயே வழி இருக்கின்றது. ஒரு அறையும் குசினியுமாக இருக்கும் பெண்ணுக்கு அதே மூன்று மாதம் என்பது, வெடித்த சுவருக்கு எதிர்ப்பக்கமாகப் பிள்ளைகளின் தலையணையை மாற்றிப் போட்டுப் படுக்கும் தொண்ணூறு இரவுகள். அனுமதி இல்லாமல் கட்டினால் அவருக்கு வருவது அறிவித்தல். அதைத் தொடர்ந்து நீதவான் நீதிமன்றம், இடித்தகற்றும் கட்டளை. தண்டப்பணம் கட்டும் சக்தி இருந்திருந்தால் அவர் முதலிலேயே படவரைஞரைப் பிடித்திருப்பாரே.

உறுதி இல்லாதவர்களின் கதை இன்னும் மோசம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1973ஆம் ஆண்டின் வீடமைப்புச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தினால் வாடகைக்கு இருந்த ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு உரித்தாளராகும் வழி திறந்தது. ஆனால் கையில் உறுதி வராமலே இரண்டு தலைமுறை கடந்த வீடுகள் இன்றும் உண்டு. சோலைவரிப் பற்றுச்சீட்டு இருக்கின்றது, மின்சாரப் பட்டியல் இருக்கின்றது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கின்றது. சுவரைத் திருத்தப் போகும்போது மட்டும் வீடு யாருடையது என்ற கேள்வி வருகின்றது.

எங்கள் மூத்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. 1983 ஜூலை 25ஆம் திகதி வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, எரிந்த வீட்டுக்காரர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் அகதிகளாக இருந்தார்கள். பலர் 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். உடுத்த துணியோடு போனவர்கள். அவர்கள் அங்கே இறங்கி உறவினர் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே கொழும்பில் அவசரகால ஒழுங்குவிதி ஒன்று வந்துவிட்டது. கலவரத்தில் சேதமடைந்த சொத்துக்கள் அரசின் உரித்தாகும் என்று அது சொன்னது. அவற்றைக் கையாள றீப்பியா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபை அமைக்கப்பட்டது.

அரைவிலைக்கு யாரும் வாங்கிவிடாமல், அத்துமீறிக் குடியேறாமல் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். எரிந்த வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தவர்கள் அப்போது இருந்தார்கள்தான். ஆனால் விளைவு என்ன? சுவர் கரியாகி, கூரை இல்லாமல் நின்ற வீட்டுக்குத் தகரம் போட்டு மூடுவதென்றாலும், முதலில் தன் வீடு தன்னுடையது என்று விண்ணப்பிக்க வேண்டிய நிலை. அதிகாரசபை சொத்தை விடுவிக்கும் வரை அதற்குரியவர் உரித்தாளர் அல்ல. நெருப்பு வைத்தவன் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தினால் அந்த அதிகாரசபை ஆட்களையும் சொத்துக்களையும் கைத்தொழில்களையும் புனரமைக்கும் நிரந்தர நிறுவனமாயிற்று. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் அதன் இடத்தில் இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கின்றது.

அந்தக் காலத்து மனைவியரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். உறுதி எரிந்துபோயிருக்கும். நொத்தாரிசும் ஓடிப்போயிருப்பார். கணவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இலண்டனிலோ. வீடு சீதனமாக வந்த வீடாகக்கூட இருக்கும். ஆனால் அலுவலகத்தில், "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்றுதான் கேட்பார்கள். அன்று கப்பலேறிய குடும்பங்கள் சில திரும்பி வராமலே விற்றுவிட்டதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இன்று வெள்ளவத்தையில் வானளாவ நிற்கும் தொடர்மாடிகளைப் பார்க்கும்போது, அவற்றின் அடியில் எத்தனை முற்றங்கள் இருந்தன என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு விடயம், அலுவலகத்துக்குப் போவதற்கே உள்ள பயம். இதைச் சிங்களச் சகோதரிகளுக்கு விளக்குவது சில வேளைகளில் கடினமாக இருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்றாலும், "ஏன் கொழும்பில் இருக்கிறாய், எவ்வளவு காலம்?" என்ற கேள்வி பல பெண்களின் காதில் இன்னும் இருக்கின்றது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது இராணுவத்தினர் நின்றார்கள். அப்படியான ஒரு காலத்தில், என் சுவர் வெடித்திருக்கின்றது என்று தானாகப் போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சொன்னால் திருத்த அனுமதி வருமா, வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் வருமா? இன்று அந்த அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இல்லை. பயம் மட்டும் அதே வேகத்தில் போய்விடவில்லை.

விரைவாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தின் கூரையையும் சுவர்களையும் கடற்படையினர் திருத்தினார்கள். ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி கொளுத்துபவர்களில் நம் சைவப் பெண்களும் நிறையப் பேர் இருக்கின்றார்கள். அவசரம் என்று ஒன்றை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் கடதாசிகள் எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அங்கே கண்டோம். அதே கொழும்பு 13இல் ஒரு தனி வீட்டின் சுவருக்கு அந்த அவசரத்தைக் கேட்பதற்கு வழி இருக்க வேண்டும் அல்லவா?

வேறு நகரங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நியூயோர்க் நகரின் கட்டடச் சட்டத்தில், உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தைத் தடுக்கும் அவசர வேலையை அனுமதிக்கு முன்னரே தொடங்கலாம். தொடங்கி இரண்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். முதலில் சுவர், பிறகு காகிதம். அதற்காக அங்கே விதி இல்லாமற் போய்விடவில்லை. ஏன், எங்கள் நாட்டுச் சட்டம் ஒன்றிலேயே இந்த அறிவு இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சாதாரணக் கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரையும் தனிப்பட்ட சுதந்திரத்தையும் பற்றிய தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். ஒரு தகவலுக்கு அவசரம் உண்டு என்று ஏற்கும் நாடு, விழப்போகும் சுவருக்கும் அப்படியொரு வரியை எழுதலாம். மாநகர சபைக்கு நாம் தெரிவுசெய்து அனுப்பியவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும். சலுகையைக் கேட்கவில்லை. அவசரத் திருத்தத்துக்குத் தனி வரிசை, இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில், இல்லை என்றால் காரணம். அவ்வளவுதான்.

அது வரும்வரை என்ன செய்வது என்று கேட்ட சகோதரிகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கின்றேன்.

முதலில், முண்டு கொடுத்துவிடுங்கள். ஆபத்தான சுவருக்கும் வளைக்கும் மரமோ இரும்புக் குழாயோ வைத்துத் தற்காலிகமாகத் தாங்கச் செய்வது சுவரைப் புதிதாகக் கட்டுவது அல்ல. அனுபவமுள்ள மேசனைக் கொண்டு செய்யுங்கள், தெருக்கோடிப் பொடியனைப் பிடித்துச் செய்ய வேண்டாம். அதற்கு முன்னரும் பின்னரும் படம் எடுங்கள். இப்போது கையிலுள்ள தொலைபேசியே திகதியோடு படம் எடுக்கும். வெடிப்பின் அருகில் அடிமட்டத்தை வைத்து எடுத்தால் அடுத்த மாதம் எவ்வளவு கூடியிருக்கின்றது என்று காட்டலாம். பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடமிருந்து ஆபத்து என்று ஒரு கடிதம் பெற முடிந்தால் அது பத்து முறை நடப்பதற்குச் சமம்.

விண்ணப்பத்தோடு தனியாக ஒரு கடிதமும் வையுங்கள். இது புதிய கட்டடம் அல்ல, அவசரத் திருத்தம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன என்று எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம். மேல் மாகாணத்திலும் அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கின்றது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கவுண்டரில் வாயால் "முடியாது" என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பல "முடியாது"கள் எழுதச் சொன்னதும் "பார்ப்போம்" ஆகிவிடுவதை நான் கண்டிருக்கின்றேன்.

மாதங்கள் போயும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு கோரிக்கை கொடுங்கள். என் கோப்பு இப்போது யாருடைய மேசையில் இருக்கின்றது, எந்தத் திகதியிலிருந்து இருக்கின்றது, இன்னும் என்ன ஆவணம் தேவை என்ற மூன்று கேள்வி போதும். ஏன் கேட்கின்றீர்கள் என்று விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கொட்டாஞ்சேனைச் சகோதரிக்கும் இதைத்தான் செய்தோம். அதன் பிறகுதான், அவருடைய கோப்பில் நில அளவைப் படம் சரியாகவே இருக்கின்றது என்பது எழுத்தில் வந்தது.

கணவரின் பெயரில் உறுதி உள்ளவர்களுக்கு: காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய மனம் இல்லாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் காணக்கிடையாமைச் சான்றிதழ் என்ற ஒன்று வந்திருக்கின்றது. சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றத்தை நாடும்போது அது உதவும். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. கொட்டாஞ்சேனைச் சகோதரியும் எடுக்கவில்லை. "ஒரு சுவருக்காக அவரைச் சாகடிக்கச் சொல்லுறியளோ அக்கா?" என்று கேட்டார். இப்போது காணக்கிடையாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கின்றார். சுவருக்கு மூன்று முண்டு கொடுத்திருக்கின்றது.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள வீட்டையே திருத்தவேலைக் கடனுக்கு ஈடு வைப்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கப்படுவதைப் பற்றி இரண்டு வாசகியர் எழுதியிருக்கின்றார்கள். கணவர் இல்லாதபோது நீதிமன்றத்தின் மூலம் அந்தச் சம்மதத்தைப் பெறும் வழியைப் பற்றி அடுத்த மாதம் விரிவாக எழுதுகின்றேன். அதற்குள் உங்களில் யாருக்காவது கட்டட அனுமதி எழுத்தில் மறுக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தின் பிரதியை, பெயரை மறைத்து, இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.